யாருக்கு எந்தப் புத்தகம்?

“டீச்சர், படிக்கிறதுக்கு நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்களேன்” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டால், உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவது எளிது. நான் முதலில் திருப்பிக் கேட்பேன். எந்த வகுப்பு எடுக்கிறீர்கள்? வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? இந்த வாரம் வீட்டுக்குப் போன பிறகும் உங்கள் நினைவில் நிற்கும் பிள்ளை யார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் புத்தகத்தின் பெயர் தானாக வந்துவிடும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் குறுவள மையத்தைச் சேர்ந்த ஒன்பது ஆசிரியர்கள் மூன்று ஆண்டுகளாகப் புத்தகங்களைக் கைமாற்றிப் படித்துவருகிறோம். இதற்குப் பெயர் இல்லை, தலைவர் இல்லை, பதிவேடும் இல்லை. (பதிவேடு ஒன்று வந்துவிட்டால் அதைப் பூர்த்தி செய்வதுதான் வேலையாக இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.) மையக் கூட்டத்தின் உணவு இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். படித்தவர் பேசுவார், படிக்காதவர் கேட்பார். ஒன்பது பேரில் மூவர் தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியர்கள். ஒருவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மற்றவர்கள் என்னைப் போன்ற பட்டதாரி ஆசிரியர்கள். நான் எடுப்பது அறிவியல்.

பி.எட். படித்தபோது ரூசோ, மாண்டிசோரி, தாகூர் எல்லாரையும் பத்து மதிப்பெண் வினாவுக்காகப் படித்தோம். தேர்வு முடிந்ததும் அவர்களும் முடிந்துபோனார்கள். வேலைக்கு வந்த பிறகு நாம் படிப்பவை பெரும்பாலும் சுற்றறிக்கையும் பயிற்சிக் கட்டகமும்தான். அவையும் தேவைதான். ஆனால் ஒரு பிள்ளை ஏன் வாயே திறப்பதில்லை என்பதைச் சுற்றறிக்கையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

புத்தகத்தையும் ஆளையும் பொருத்துவதைப் பற்றி நம் ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்காமல், திரும்பவும் வகுப்பறைக்கே போகிறேன் என்று கேட்டவர் அவர். 1931-இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு எங்கள் குழுவுக்கே எழுதியவை போல இருக்கும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் உண்டு என்கிறது ஒரு விதி. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்கிறது அடுத்தது. முதல் விதியை எல்லாரும் ஒப்புக்கொள்வோம். இரண்டாவதுதான் வேலை வைப்பது. நம் பள்ளி அலமாரியில் யாரும் தொடாமல் இருக்கும் புத்தகத்துக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார், அவரைத் தேடு என்கிறது அது.

அப்படித் தேடிப் பொருந்திய சில புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘முதல் ஆசிரியர்’ சிறிய நூல், இரண்டு நாள் மாலையில் படித்துவிடலாம். சோவியத் காலத்திலேயே தமிழில் வந்துவிட்டது. எங்கள் குழுவின் இளைய ஆசிரியர் ஒருவர், மலையடிவாரத்தில் உள்ள ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் மாறுதலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். அவருக்காக இதை எடுத்துப் போனேன்.

கதை நடப்பது கிர்கீசியாவின் மலைக் கிராமம் ஒன்றில், 1924-இல். துய்ஷேன் என்ற இளைஞன் ராணுவக் கோட்டுடன் வந்து இறங்கி, பள்ளிக்கூடம் தொடங்கப் போவதாகச் சொல்கிறான். அவனுக்கே சரளமாக வாசிக்கத் தெரியாது. குன்றின் மேல் பாழடைந்து கிடந்த குதிரை லாயம்தான் பள்ளிக்கூடம். அதை அவனே சுத்தம் செய்கிறான். குளிர்காலத்தில் ஓடையைக் கடக்கச் சின்னப் பிள்ளைகளை முதுகில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிப் போகிறான். குதிரையில் போகிற வசதிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெற்றோர் இல்லாத அல்தினாய் என்ற சிறுமி எரிப்பதற்காகப் பொறுக்கிவந்த வறட்டியைப் பள்ளியிலேயே கொட்டிவிட்டு, வீட்டுக்காக மறுபடி பொறுக்கப் போகிறாள். அவளை இரண்டாம் தாரமாகத் தள்ளிவிடப் பார்க்கிறாள் சித்தி. துய்ஷேன் அடிபட்டு, எலும்பு முறிந்து, அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான்.

இதுவரை கேட்டால் தியாகம் செய்யும் ஆசிரியரைப் பற்றிய வழக்கமான கதைதான், செப்டம்பர் 5 அன்று மேடையில் சொல்வது போல. நான் இதைப் பரிந்துரைக்கக் காரணம் வேறு. பல ஆண்டுகள் கழித்து அதே ஊரில் புதிய பள்ளிக் கட்டடத் திறப்பு விழா. பெரிய அறிஞராகிவிட்ட அல்தினாய் சிறப்பு விருந்தினர். துய்ஷேன் அப்போது கிழவர், ஊர்த் தபால்காரர். வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு, மீதித் தபாலைக் கொடுக்கப் போய்விடுகிறார். உள்ளே விருந்தில், எழுத்துக்கூட்டத் தெரியாத அந்த வாத்தியாரை நினைத்து எல்லாரும் சிரிக்கிறார்கள். அல்தினாயால் அங்கே உட்கார முடியவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த இளைய ஆசிரியர் ஓடையைப் பற்றியோ லாயத்தைப் பற்றியோ பேசவில்லை. “அந்த ஆளை உள்ளே கூப்பிட்டிருக்கலாம்ல டீச்சர்” என்று மட்டும் சொன்னார். இந்த ஆண்டும் அவர் மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை, வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். ஆனால் அந்தக் கிராமத்தில் முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்து, பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

‘டோட்டோ சான்’ நூலை ஏன் முதலில் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். தெட்சுகோ குரோயாநாகி 1981-இல் ஜப்பானில் வெளியிட்ட அந்த நூல் எனக்கும் உயிர்தான். ரயில் பெட்டி வகுப்பறையும், புதிய சிறுமி பேசி முடிக்கும்வரை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் கொபயாஷியும் யாருக்குத்தான் மறக்கும்? ஆனால் அதைப் படித்த எங்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பெருமூச்சு விட்டார். “அவங்க வகுப்பில ஒன்பது பேரு. எனக்கு மூணு வகுப்பு சேர்ந்து ஒரே அறையில.” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அழகான புத்தகம் சில நேரம் ஆளைச் சோர்வடையச் செய்துவிடும். அதனால் இப்போது டோட்டோ சானைத் தனியாகக் கொடுப்பதில்லை, கூடவே கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நூலையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கிஜுபாய் குஜராத்காரர், வழக்கறிஞராக இருந்து குழந்தைக் கல்விக்கு வந்தவர். பாவ்நகரில் 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். அவருடைய கதையில் வரும் ஆசிரியருக்குக் கிடைப்பது சாதாரணப் பள்ளியின் நான்காம் வகுப்பு, ஓராண்டு காலம். ஆண்டு முடிவில் எல்லாருக்கும் போல அவருடைய பிள்ளைகளுக்கும் தேர்வு உண்டு. முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஒன்றை ஆசையாகத் தொடங்குகிறார். வகுப்பே கூச்சலில் மிதக்கிறது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தலைமையாசிரியரிடம் பேச்சு வாங்குகிறார். மறுநாள் கதை சொல்கிறார், வகுப்பு அடங்குகிறது. பாடநூலுக்கு வைத்திருந்த பணத்தைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, விதவிதமான புத்தகங்கள் வாங்கி வகுப்புக்குள் ஒரு நூலகம் வைக்கிறார். சக ஆசிரியர்கள் கிண்டல் செய்கிறார்கள், பெற்றோர் சந்தேகப்படுகிறார்கள். நம் பள்ளியில் நடப்பது போலவே இருக்கும். கணக்கை மட்டும் எப்படி மாற்றிக் கற்பிப்பது என்று அந்த ஆசிரியர் தடுமாறும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் கல்வி நூலை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எங்கள் குழுவில் பெரிய சண்டையை மூட்டியது வேறொரு புத்தகம். இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்தில் எட்டுச் சிறுவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் அது. 1967-இல் வெளிவந்தது. நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தேன். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் 1954-இல் அந்த ஊருக்கு அனுப்பப்பட்டு, பள்ளியிலிருந்து கழித்துவிடப்பட்ட விவசாயக் குடும்பத்துப் பையன்களுக்காக ஒரு பள்ளி நடத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். நாள் முழுக்கப் பள்ளி, விடுமுறையே கிடையாது. அங்கே படித்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போன பையன்கள் தேர்வில் தோற்கிறார்கள். அந்தக் கோபத்தில் எழுதியது இது. வெளிவந்த சில வாரங்களிலேயே மிலானி இறந்துவிட்டார்.

கோபம் என்றால் வெறும் திட்டு இல்லை. யார் யார் தோற்கிறார்கள், அவர்களுடைய அப்பாவின் தொழில் என்ன என்று அட்டவணை போட்டு எண்ணிக் காட்டுகிறார்கள். மருத்துவரின் மகனுக்கு பியரினோ என்றும் உழவரின் மகனுக்கு ஜான்னி என்றும் பெயர் வைத்து, ஒரே வகுப்பறை இந்த இருவரையும் எப்படி நடத்துகிறது என்று சொல்கிறார்கள். அவர்கள் கேட்பவை மூன்று. யாரையும் தோல்வியடையச் செய்யாதீர்கள், மெதுவாகக் கற்பவருக்கு முழுநாள் பள்ளி கொடுங்கள், சோம்பேறி என்று நீங்கள் சொல்பவனுக்கு ஒரு நோக்கம் கொடுங்கள்.

இதைச் சொன்னதும் எங்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்தார். “பாஸ் போட்டுப் போட்டுத்தான் எழுத்துக்கூட்டத் தெரியாம ஒன்பதாம் வகுப்புக்கு வர்றான். அதுக்கு யாரு பொறுப்பு?” என்றார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. உயர்நிலை வகுப்பு எடுக்கும் எல்லாரும் மனதுக்குள் கேட்டுக்கொள்வதுதான். பார்பியானா பையன்களின் முதல் கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் அவர் சொல்வதுதான் நடக்கும் என்றேன் நான். தோல்வி வேண்டாம் என்பதோடு கூடுதல் நேரம் வேண்டும் என்றும்தானே அவர்கள் கேட்கிறார்கள். “அந்தப் பாதிரியாருக்குக் குடும்பம் கிடையாது, அஞ்சு மணி பஸ்ஸும் கிடையாது” என்று கணித ஆசிரியர் போட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் அந்தச் சண்டை மூன்று கூட்டங்களுக்கு நீண்டது.

மூன்றாவது கூட்டத்துக்கு அதே தலைமையாசிரியர் தன் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்துப் பத்தாம் வகுப்பு எழுதாமலே நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பெற்றோரின் தொழிலையும் குறித்திருந்தார். அந்தப் பையன்கள் செய்தது போலவே. கூலி, கூலி, சூளை, கூலி, சூளை என்று போனது பட்டியல். எங்கள் பகுதியில் தை பிறந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். முன்பணம் வாங்கியவர்கள் வேறு என்ன செய்வார்கள்? பள்ளி மறுபடி திறக்கும்போதுதான் பிள்ளைகள் திரும்புவார்கள். அதற்குள் மூன்றாம் பருவமே போயிருக்கும். அந்தத் தாளைப் படித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. “பாஸ் போடுறதா, ஃபெயில் போடுறதாங்கிறது இல்ல விஷயம்” என்று அவரே சொன்னார். “நாம அவனோட இருந்த மாசம் எத்தனைன்னுதான் பார்க்கணும்.”

அந்தக் கடிதத்தில் இன்னொரு சரக்கும் இருக்கிறது, மொழிப்பாடம் எடுப்பவர்களுக்கு. கூட்டாக எழுதும் முறையை அந்தப் பையன்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு குறிப்பேட்டில் தோன்றுவதை எழுதிவைக்கிறார்கள். பிறகு ஒரு சீட்டுக்கு ஒரு கருத்து. சீட்டுகளைப் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, குவியலுக்குத் தலைப்பு வைத்து, வரிசைப்படுத்துகிறார்கள். அதன் பிறகு வெட்டுவதுதான் வேலை, தேவையில்லாத ஒரு சொல்லும் மிஞ்சக் கூடாது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் எட்டாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தார். பள்ளி நேரத்துக்குப் பேருந்து கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். தரை முழுக்கச் சீட்டு. கட்டுரை நோட்டில் மூன்று வரிக்கு மேல் எழுதாத பெண் ஒருத்தி, “மழை நாளில் நனைந்த புத்தகம் காய இரண்டு நாள் ஆகிறது” என்று ஒரு சீட்டு எழுதியிருந்தாள். வகுப்பே அதைத்தான் விண்ணப்பத்தின் முதல் வரியாக வைக்கச் சொன்னது.

தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலை, மாணவன் பள்ளிக்கு வராத நாட்களில் என்ன செய்கிறான் என்று தெரியாத ஆசிரியருக்குக் கொடுப்பேன். பண்ணையத்தில் விடப்பட்டு ஆடு மேய்க்கும் சிறுவன் கூளையனும் அவன் கூட்டாளிகளும்தான் கதை. தொடக்கம் மெதுவாகத்தான் நகரும், கொங்கு வழக்கு பழகச் சற்று நேரமாகும். பொறுமையாகப் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் காட்டைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதில் அசந்துபோவீர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடி அலையும் சிறுவனின் கதை, பிள்ளைகளுக்கே வாசித்துக் காட்டலாம். அறிவியல் ஆசிரியர்கள் இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை அநேகமாகப் படித்திருப்பீர்கள். படித்திருந்தாலும் மறுபடி எடுங்கள். தன் மாணவியைப் பற்றி ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாகவே முழுக்கதையும் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை இரண்டாம் முறைதான் சரியாகக் கவனித்தேன். ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ எங்கள் குழுவில் இரண்டு பிரதி கிழிந்து, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. யாக்கோவ் பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள். 1913-இல் முதலில் வந்த நூல் என்றாலும், அதிலுள்ள புதிர் ஒன்று போதும், ஒன்பதாம் வகுப்பை ஒரு பாடவேளை கட்டிப்போட.

புத்தகம் கைமாறும்போது எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடுப்பவர் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து சூடு பிடிக்கிறது, எங்கே சலிப்புத் தட்டும், படிக்கும்போது எந்தப் பிள்ளை நினைவுக்கு வந்தது என்று மூன்று வரி. ‘மிக அருமை, அனைவரும் படிக்க வேண்டும்’ என்று எழுதக் கூடாது. அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் புத்தகத்தைத் திறந்ததில்லை. சலிப்புத் தட்டும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த இடத்தில் யாரும் புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை. பாதியில் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மையத்தில் தொடங்க நினைத்தால் மூன்று பேரும் மூன்று புத்தகங்களும் போதும்.

சேர்க்கைப் பதிவேட்டை வைத்துப் பேசிய அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வந்த தை மாதத்தில், தலைமையாசிரியரும் அவர் பள்ளி ஆசிரியர்களும் சூளைக்குக் கிளம்பிய பிள்ளைகளின் பையில் ஆளுக்கு நான்கைந்து சிறு புத்தகங்களைப் போட்டு அனுப்பினார்கள். வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாக இருக்கின்றன அல்லவா, அவற்றில் அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்றதாக எடுத்துக் கொடுத்தார்கள். தொலைந்தால் கேட்க மாட்டோம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் பருவப் பாடத்துக்கு இது ஈடாகாது. அதைச் சொல்லி எங்கள் கணித ஆசிரியர் இப்போதும் வாதாடுகிறார், அவருக்கு முழுப் பதில் எங்களிடம் இல்லை.

பள்ளி திறந்ததும் புத்தகங்கள் திரும்பி வந்தன. சில வரவில்லை. வந்தவற்றில் பலவற்றின் ஓரத்தில் செம்மண் விரல் பதிந்திருந்தது. ஒன்றுக்கு அட்டையே இல்லை. நாங்கள் வைக்கும் துண்டுச் சீட்டைப் பற்றித் தலைமையாசிரியர் வகுப்பில் சொல்லியிருப்பார் போல. ஆறாம் வகுப்புக்கு வந்த பையன் ஒருவன் தான் கொண்டுபோன ஐந்து புத்தகத்திலும் சீட்டு வைத்திருந்தான். அதில் ஒன்றை எங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்து அவர் வாசித்துக் காட்டினார். “இந்த யானைக் கதை நல்லா இல்லை. படம் நல்லா இருக்கு. கடைசிப் பக்கம் மட்டும் என் தங்கச்சி நாலு தடவை படிக்கச் சொன்னாள். ரெண்டாம் வகுப்புக்குக் கொடுங்க சார்.”